32 எப்படி 51-ஐ முந்தியது?
பல்கலைக்கழகச் சாம்பியன் பட்டியல்களிலிருந்து நம் பள்ளி விளையாட்டு விழாவுக்கு

2022 ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவில் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. நாடெங்கிலும் இருந்து பல்கலைக்கழக அணிகள் வந்தன. போட்டிகள் முடிந்தபோது பதக்கப் பட்டியலின் முதல் மூன்று இடங்கள் இப்படி இருந்தன:

ஜெயின் பல்கலைக்கழகம்: தங்கம் 20, வெள்ளி 7, வெண்கலம் 5. மொத்தம் 32.
லவ்லி புரொபஷனல் பல்கலைக்கழகம்: தங்கம் 17, வெள்ளி 15, வெண்கலம் 19. மொத்தம் 51.
சண்டிகர் நகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகம்: தங்கம் 15, வெள்ளி 9, வெண்கலம் 24. மொத்தம் 48.

ஒட்டுமொத்தச் சாம்பியன் ஜெயின் பல்கலைக்கழகம். இந்தப் பட்டியலை எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, "யார் சாம்பியன்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் 51 பதக்கம் பெற்றவரைச் சொல்வார்கள். விடையைச் சொன்னதும், "அது எப்படி சார்? 51 பெரிசா, 32 பெரிசா?" என்று கேள்வி வரும். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடினால் கணக்குப் பாடமும் கிடைக்கும். நம் பள்ளி விளையாட்டு விழாவை நாம் எப்படி நடத்துகிறோம் என்ற யோசனையும் கிடைக்கும்.

அகராதி போல ஒரு வரிசை

பதக்கப் பட்டியலில் பரவலாகப் பின்பற்றப்படும் முறை, சொற்களை அகராதியில் அடுக்கும் முறையைப் போன்றது. அகராதியில் முதலில் பார்ப்பது முதல் எழுத்தை. அது ஒன்றாக இருந்தால்தான் இரண்டாம் எழுத்துக்குப் போவோம். பதக்கப் பட்டியலிலும் முதலில் தங்கம். தங்கம் சமமாக இருந்தால்தான் வெள்ளியைப் பார்ப்பார்கள். வெள்ளியும் சமம் என்றால் வெண்கலம். ஆகவே ஒரு தங்கம் கூடுதலாக இருந்துவிட்டால், எதிரணியிடம் எத்தனை வெள்ளி, எத்தனை வெண்கலம் இருந்தாலும் பயனில்லை.

வெள்ளிக்கு வேலை வந்த ஆண்டும் உண்டு. இதே போட்டிகளின் முதல் பதிப்பு 2020 பிப்ரவரி, மார்ச்சில் புவனேசுவரத்தில் நடந்தது. அப்போது சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகமும் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகமும் ஆளுக்கு 17 தங்கம் பெற்று நின்றன. பஞ்சாபிடம் 19 வெள்ளி; புனேயிடம் 11 வெள்ளி. பட்டம் பஞ்சாபுக்குப் போனது. இரண்டாம் இடம் பெற்றுத் தலைகுனிந்து வந்த யாரோ ஒரு மாணவியின் வெள்ளிதான் அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொடுத்தது என்று வகுப்பில் சொல்லலாம்.

இந்த வரிசைமுறை இயற்கை விதி ஒன்றும் இல்லை. ஒலிம்பிக் குழு நாடுகளை அதிகாரப்பூர்வமாகத் தரவரிசைப்படுத்துவதில்லை. ஊடகங்கள்தாம் அடுக்குகின்றன. பெரும்பாலான நாடுகளில் தங்கத்தை வைத்து அடுக்குவார்கள். அமெரிக்காவில் மொத்தப் பதக்கத்தை வைத்து அடுக்கும் வழக்கம் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கத்தில் சீனா முதலிடம். மொத்தப் பதக்கத்தில் அமெரிக்கா முதலிடம். ஓடியவர்கள் ஒன்றே, நேரங்கள் ஒன்றே. எண்ணும் விதி மாறியதால் முதலிடம் மாறியது.

விதியை மாற்றினால் சாம்பியன் மாறுவார்

இப்போது பெங்களூரு பட்டியலை நம் பள்ளி முறையில் எண்ணிப் பார்ப்போம். நம்மூர் விளையாட்டு விழாக்களில் முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளி கொடுப்பது பழகிய முறை.

ஜெயின்: 100 + 21 + 5 = 126.
லவ்லி: 85 + 45 + 19 = 149.
பஞ்சாப்: 75 + 27 + 24 = 126.

லவ்லி சாம்பியன். முதலிடத்தில் இருந்த ஜெயின், மூன்றாமிடத்தில் இருந்த பஞ்சாபோடு சமமாகிவிட்டது. இனி 3, 2, 1 என்று புள்ளி கொடுத்துப் பாருங்கள். ஜெயின் 79, லவ்லி 100, பஞ்சாப் 87. ஜெயின் மூன்றாமிடத்துக்கே போய்விடுகிறது.

அடுத்த ஆண்டையும் பார்த்துவிடலாம். 2023 மே, ஜூனில் உத்தரப்பிரதேசத்தில் நடந்த போட்டிகளில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 26 தங்கம், 17 வெள்ளி, 26 வெண்கலம் பெற்றுச் சாம்பியன் ஆனது. அமிர்தசரசின் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் 24 தங்கம், 27 வெள்ளி, 17 வெண்கலம் பெற்று இரண்டாமிடம். மொத்தப் பதக்கத்தில் 69-க்கு 68 என்று ஒரே ஒரு வித்தியாசம். 5, 3, 1 முறையில் எண்ணினால் பஞ்சாபுக்கு 207, குருநானக் தேவுக்கு 218. சாம்பியன் மாறிவிடுகிறார்.

நம் மாநிலத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் இருக்கிறது. 2024 சனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோயம்புத்தூரில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் நடந்தன. மகாராட்டிரம் 57 தங்கத்துடன் முதலிடம். தமிழ்நாடு 38 தங்கம், 21 வெள்ளி, 39 வெண்கலத்துடன் இரண்டாமிடம். அரியானா 35 தங்கம், 22 வெள்ளி, 46 வெண்கலத்துடன் மூன்றாமிடம். மொத்தத்தைக் கூட்டினால் தமிழ்நாட்டுக்கு 98, அரியானாவுக்கு 103. தங்கத்தை வைத்து நாம் முன்னே. மொத்தத்தை வைத்தால் அவர்கள் முன்னே. 5, 3, 1 என்று எண்ணினால் நமக்கு 292, அவர்களுக்கு 287. 3, 2, 1 என்று எண்ணினாலோ இரு மாநிலங்களுக்கும் சரியாக 195. இந்தக் கடைசிக் கூட்டலை மாணவர்களையே செய்ய விடுங்கள். இரு பக்கமும் ஒரே எண் வரும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதை நாம் கெடுக்க வேண்டாம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இன்னொரு படி போகலாம். வெள்ளிக்கு 3, வெண்கலத்துக்கு 1 என்று நிலையாக வைத்துக்கொண்டு, தங்கத்துக்கு எத்தனை புள்ளி கொடுத்தால் பெங்களூருவில் ஜெயின் முதலிடம் பெறும் என்று கேளுங்கள். தங்கத்தின் மதிப்பு 'த' என்றால் ஜெயினுக்கு 20த + 26. லவ்லிக்கு 17த + 64. அதாவது 3த என்பது 38-ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 12 கொடுத்தால் லவ்லி 2 புள்ளி முன்னே. 13 கொடுத்தால் ஜெயின் 1 புள்ளி முன்னே. 'தங்கம் மட்டுமே முதல்' என்ற விதி, ஒரு தங்கத்துக்குப் பதின்மூன்று வெண்கலத்துக்கும் மேலான மதிப்பைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடுகிறது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். சமனிலி என்ற பாடத்தலைப்புக்கு இதைவிட உயிருள்ள கணக்கு கிடைப்பது அரிது.

பெயர் ஒன்று, அணி வேறு

சாம்பியன் பட்டியலைப் படிக்க இன்னொரு கவனமும் வேண்டும். பட்டியலில் இருக்கும் பெயர், எந்தக் கல்லூரிகளைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925-ல் பல்கலைக்கழகங்களுக்கிடை வாரியம் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு அது. கிரிக்கெட்டுக்கான ரோகிண்டன் பாரியா கோப்பை 1935-36-ல் தொடங்கியது. ஆண்டு முழுவதும் பல விளையாட்டுகளில் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்படுகிறது. இந்தக் கோப்பையை அதிக முறை வென்றது குருநானக் தேவ் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகமே 1969-ல்தான் தொடங்கப்பட்டது.

பழைய பட்டியல்களில் 'பஞ்சாப்' என்று வந்தால், நாட்டுப் பிரிவினைக்கு முன் அது லாகூர். பிரிவினைக்குப் பின் இந்தியப் பகுதியில் புதிதாக அமைந்ததே இன்று சண்டிகரில் உள்ள பல்கலைக்கழகம். பாட்டியாலாவில் உள்ள பஞ்சாபி பல்கலைக்கழகம் வேறு. 2024-ல் வடகிழக்கு மாநிலங்களில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளில் சாம்பியன் ஆன சண்டிகர் பல்கலைக்கழகம் மொகாலி மாவட்டத்தில் உள்ள தனியார் பல்கலைக்கழகம், அது இன்னொன்று. பெயரை மட்டும் பார்த்துக் கூட்டினால் நான்கு நிறுவனங்களின் வெற்றி ஒரே கணக்கில் சேர்ந்துவிடும்.

நம் சென்னைப் பல்கலைக்கழகமும் அப்படித்தான். 1857-ல் தொடங்கியபோது தென்னிந்தியாவின் பெரும்பகுதிக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. 1916-ல் மைசூர், 1926-ல் ஆந்திரா, 1929-ல் அண்ணாமலை, 1937-ல் திருவிதாங்கூர், 1966-ல் மதுரை, 1982-ல் பாரதியார், பாரதிதாசன், 2002-ல் திருவள்ளுவர் என்று புதிய பல்கலைக்கழகங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் சென்னைப் பல்கலைக்கழக அணி தேர்ந்தெடுக்கும் கல்லூரிகளின் வட்டம் சுருங்கியது. 1930-களில் அந்தப் பெயரில் ஆடிய அணியையும் இன்று ஆடும் அணியையும் ஒரே தராசில் வைப்பது, பிரிக்கப்படாத செங்கல்பட்டு மாவட்டத்தின் விளைச்சலை இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் விளைச்சலோடு ஒப்பிடுவதற்குச் சமம்.

அமெரிக்காவில் கல்லூரிகள் அருகருகே உள்ளவற்றோடு கூட்டமைப்பாகச் சேர்ந்து ஆண்டுதோறும் தங்களுக்குள் சாம்பியன் பட்டத்துக்கு ஆடுகின்றன. 1896-ல் 7 பல்கலைக்கழகங்களுடன் தொடங்கிய ஒரு கூட்டமைப்பின் பெயர் 'பிக் டென்'. பொருள் 'பெரிய பத்து'. 2024 முதல் அதில் 18 உறுப்பினர்கள். கலிபோர்னியாவில் இருந்தும் அணிகள் சேர்ந்திருக்கின்றன. பெயரில் பத்து, கணக்கில் பதினெட்டு. அங்கேயும் பழைய சாம்பியன் பட்டியலைப் படிப்பவர், அந்த ஆண்டில் யார் யார் உறுப்பினர் என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இதை நம் பகுதியிலேயே காணலாம். திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் ஒரே மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மூன்று தோழியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கலை அறிவியல் கல்லூரியில் சேர்கிறாள். அவள் ஆடுவது சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக. இன்னொருத்தி பொறியியல் கல்லூரியில் சேர்கிறாள். அவள் அண்ணா பல்கலைக்கழகத்துக்காக. மூன்றாமவள் சேர்வது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அது தனி அணி. பள்ளியில் ஒரே தொடரோட்டக் குச்சியைக் கைமாற்றியவர்கள், தென்மண்டலப் போட்டியில் எதிரெதிரே நிற்பார்கள். மூன்று பட்டியல்களிலும் அவர்கள் படித்த பள்ளியின் பெயர் இருக்காது. ஆனால் அவர்களை முதலில் ஓடவிட்டது அந்தப் பள்ளியின் மைதானம்தான்.

எண்ணும் விதி யாரைத் தேடும்?

இனி நம் பள்ளிக்கு வருவோம். தங்கம் மட்டுமே கணக்கு என்றால், கோப்பையை விரும்பும் நிறுவனம் தங்கம் வெல்லக்கூடிய சிலரையே தேடும். ஒரே வீரர் பல தங்கம் வெல்ல வாய்ப்புள்ள விளையாட்டுகளில் முதலீடு செய்யும். நீச்சல் அப்படிப்பட்ட ஒன்று. பெங்களூருவில் ஜெயினின் தங்கங்களில் கணிசமானவை நீச்சல் குளத்தில் இருந்தே வந்தன. பதினொரு பேர் பாடுபட்டு ஆடும் ஹாக்கியில் கிடைப்பதும் ஒரே ஒரு பதக்கம்தான். இதில் தவறொன்றும் இல்லை. விதியைப் புரிந்துகொண்டு ஆடுவதும் திறமையே. ஆனால் விதி எதைப் பரிசளிக்கிறதோ அதுதான் வளரும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அமெரிக்கக் கல்லூரித் தடகளப் போட்டிகளின் தேசிய சாம்பியன் பட்டத்துக்கு முதல் எட்டு இடங்களுக்கும் புள்ளி உண்டு. 10, 8, 6, 5, 4, 3, 2, 1. எட்டாவதாக வருபவரின் ஒரு புள்ளியும் அணிக்குத் தேவை. ஆகவே எட்டாவது இடம் பிடிக்கக்கூடியவருக்கும் பயிற்சியாளர் நேரம் ஒதுக்குவார்.

ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். மகிழ் முற்றம் குழுக்களில் குறிஞ்சி, முல்லை இரண்டை மட்டும் பார்ப்போம். மாணவியருக்கு ஐந்து தடகள நிகழ்வுகள். குறிஞ்சியில் இரண்டு அபாரமான ஓட்டக்காரர்கள். இருவரும் சேர்ந்து நான்கு முதலிடங்கள். குறிஞ்சியில் வேறு யாரும் எந்த இடமும் பெறவில்லை. முல்லைக்கு முதலிடமே இல்லை. மூன்று இரண்டாமிடம், இரண்டு மூன்றாமிடம், ஐந்து ஐந்தாமிடம், நான்கு ஆறாமிடம்.

5, 3, 1 முறையில் குறிஞ்சிக்கு 20, முல்லைக்கு 11. எட்டு இடங்களுக்கும் புள்ளி கொடுக்கும் முறையில் குறிஞ்சிக்கு 40, முல்லைக்கு 68.

எது நியாயம் என்று கேட்டால், இரண்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மிகச் சிறந்தவரைக் கண்டறிய வேண்டும் என்றால் முதல் முறை உதவும். மாவட்டப் போட்டிக்கு அனுப்ப ஆள் தேர்ந்தெடுக்கும்போது அதுவே தேவை. ஆனால் பள்ளி விளையாட்டு விழா மாவட்டத் தேர்வு இல்லை. அங்கே முல்லையின் ஐந்தாமிட, ஆறாமிடச் சிறுமியர் அடுத்த ஆண்டும் மைதானத்துக்கு வருவார்களா என்பதுதான் கேள்வி. தங்கள் ஓட்டத்தால் குழுவுக்கு நான்கு புள்ளி வந்தது என்று தெரிந்தால் வருவார்கள். பூச்சியம் என்றால், "அடுத்த தடவை நீயே ஓடுடி" என்று வேகமாக ஓடும் தோழியிடம் சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள்.

தொழிற்சாலைச் சாலையோரப் பள்ளிகளில்

எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஒரகடம், வல்லம் வடகால் வரை கார், இருசக்கர வாகனம், கைப்பேசி, கண்ணாடி என்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. பெற்றோரின் வேலை ஷிப்ட் கணக்கில் ஓடுகிறது. இந்த வாரம் அம்மாவுக்கு முதல் ஷிப்ட், அடுத்த வாரம் இரண்டாம் ஷிப்ட். கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு ஏற்ப வீட்டில் மூத்த பிள்ளை தம்பியையோ தங்கையையோ கூட்டிப்போக வேண்டும். பள்ளி விட்டபின் பயிற்சி என்று வைத்தால், திறமை உள்ளவர்கள் வருவதில்லை. வர முடிந்தவர்கள் மட்டுமே வருகிறார்கள். நம் அணித் தேர்வு ஓட்ட வேகத்தை அளப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பல நேரங்களில் பெற்றோரின் ஷிப்டைத்தான் அளக்கிறது.

ஒடிசா, பீகார், சார்க்கண்ட், மேற்கு வங்கம் எனப் பல மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஜூனில் மட்டும் சேர்வதில்லை. அக்டோபரிலும் சேர்கிறார்கள், சனவரியிலும் சேர்கிறார்கள். குழுப் பட்டியலை ஆண்டுத் தொடக்கத்தில் எழுதி முடித்துவிட்டால் இவர்கள் எந்தக் குழுவிலும் இருக்க மாட்டார்கள். தமிழில் பேசத் தயங்கும் ஒரு சிறுவன் 200 மீட்டரில் வகுப்பையே முந்தக்கூடும். அவன் பெயர் பட்டியலில் இல்லை என்பதால் நாம் அறியாமலே போகக்கூடும்.

இதனால் இழப்பது கோப்பை மட்டும் என்றால் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுச் சாதனையாளர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, மாணவர் கையில் உள்ள சான்றிதழ்கள். அந்தச் சான்றிதழ்களுக்கான ஏணியின் முதல் படி குறுவட்டப் போட்டி. அதற்கும் முந்தைய படி நம் பள்ளி மைதானம். அங்கே பெயர் எழுதப்படாத பிள்ளைக்கு மேலே உள்ள எந்தப் படியும் இல்லை. கோப்பை தலைமை ஆசிரியர் அறை அலமாரியில் இருக்கும். சான்றிதழ் பிள்ளையோடு போகும். இரண்டில் எதற்காக நாம் எண்ணுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

செய்யக்கூடிய சில மாற்றங்கள்

இவற்றுக்குப் பணச்செலவு இல்லை. உடற்கல்வி ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் வகுப்பாசிரியர்களே செய்யலாம்.

முதலாவது, எண்ணும் விதியை விழாவுக்கு முன்பே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். எத்தனை இடங்களுக்குப் புள்ளி, தொடரோட்டத்துக்கு எவ்வளவு, சமநிலை வந்தால் என்ன செய்வது, ஒருவர் எத்தனை நிகழ்வுகளில் கலந்துகொள்ளலாம் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். முடிவு தெரிந்தபின் விதியைப் பற்றிப் பேசினால் அது சண்டையாகும். முன்பே பேசினால் அது பாடமாகும்.

இரண்டாவது, முதல் மூன்று இடங்களோடு நிறுத்தாமல் ஆறு அல்லது எட்டு இடங்களுக்குப் புள்ளி கொடுங்கள். தனிநபர் சாம்பியன் பட்டத்துக்கு மட்டும் பழைய 5, 3, 1 முறையை வைத்துக்கொள்ளலாம். வேகமானவரின் பெருமையும் குறையாது. குழுவின் கணக்கில் மற்றவர்களும் சேர்வார்கள்.

மூன்றாவது, 'தகுதிக்கோடு' ஒன்று வையுங்கள். நீளம் தாண்டுதலில் வகுப்புக்கு ஏற்ப ஓர் அளவு, 100 மீட்டரில் ஒரு நேரம். அதை எட்டும் ஒவ்வொருவருக்கும் குழுவின் பெயரில் ஒரு புள்ளி. இங்கே யாரும் யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. குழுக்களின் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் விழுக்காட்டில் பாருங்கள். 40 பேரில் 26 பேர் எட்டினால் 65 விழுக்காடு. 32 பேரில் 24 பேர் எட்டினால் 75 விழுக்காடு. 26 பெரிதா, 24 பெரிதா என்ற கேள்வி ஏழாம் வகுப்பு விழுக்காட்டுப் பாடத்துக்குத் தானாகவே வந்து சேரும். ஆனால் விழுக்காட்டிலும் ஒரு பொறி உண்டு. இரண்டே பேரைக் களமிறக்கி இருவரும் எட்டினால் 100 விழுக்காடு வந்துவிடும். ஆகவே வகுக்கும் எண் களமிறங்கியவர் எண்ணிக்கையாக இருக்கக் கூடாது. குழுவில் உள்ள அனைவரின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும்.

நான்காவது, மாணவருக்கும் மாணவியருக்கும் நிகழ்வுகளின் எண்ணிக்கை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மாணவருக்குப் பத்து, மாணவியருக்கு ஆறு என்றால், குழுத் தலைவர்கள் மாணவர் பயிற்சியில்தான் கவனம் வைப்பார்கள். நாம் வாயால் சமத்துவம் சொல்லிக்கொண்டிருக்கும்போது புள்ளிப் பட்டியல் வேறொன்றைச் சொல்லும்.

ஐந்தாவது, தேர்வு ஓட்டத்தைப் பள்ளி நேரத்துக்குள், உடற்கல்விப் பாடவேளையில் வையுங்கள். எல்லாப் பிள்ளையும் ஒரு முறையாவது ஓடட்டும், தாண்டட்டும். இடையில் சேரும் பிள்ளைக்குச் சேர்ந்த வாரத்திலேயே குழுவும், ஓட ஒரு வாய்ப்பும் கிடைக்கட்டும்.

ஆறாவது, பதிவேடு. வென்றவர் பெயரை மட்டும் எழுதும் பழக்கத்தை விட்டு, ஓடிய ஒவ்வொருவரின் நேரத்தையும் தாண்டிய தூரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நேரம் எடுத்தல், எழுதுதல், கூட்டுதல் மூன்றையும் மாணவர் குழுவிடமே ஒப்படைக்கலாம். ஓட முடியாத மாற்றுத்திறன் மாணவரும் இதில் பொறுப்பேற்கலாம். ஆறாம் வகுப்பில் 17 வினாடியில் ஓடியவள் எட்டாம் வகுப்பில் 15 வினாடியில் ஓடியிருந்தால், அவள் எந்த ஆண்டும் பதக்கம் வாங்காதிருந்தாலும் அந்தக் குறிப்பேடு அவளைக் காட்டிக்கொடுக்கும். குறுவட்டப் போட்டிக்கு யாரை அழைத்துப் போவது என்று தேடும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

வகுப்பறையில் ஒரு பாடவேளை

இதை ஒரே பாடவேளையில் செய்து பார்க்கலாம். தொடக்க வகுப்புகளில் 5, 3, 1 புள்ளிகளால் பெருக்கிக் கூட்டும் பயிற்சியாகவே வைக்கலாம். ஆறு முதல் எட்டு வரை, 'தகவல் செயலாக்கம்' பகுதியில் பெங்களூரு பட்டியலைக் கொடுத்து, மூன்று குழுக்களுக்கு மூன்று விதிகளைக் கொடுங்கள். ஒரு குழு தங்கத்தை வைத்தும், ஒரு குழு மொத்தத்தை வைத்தும், ஒரு குழு 5, 3, 1 வைத்தும் எண்ணட்டும். ஒவ்வொரு குழுவும் தன் சாம்பியனை அறிவிக்கட்டும். பின் விவாதம்: எந்த விதியில் யாருக்கு ஆதாயம்? அந்த விதி தெரிந்தால் நீங்கள் உங்கள் அணியை எப்படித் தயார் செய்வீர்கள்? கடைசியாக, நம் பள்ளி விழாவுக்கு நீங்கள் எந்த விதியை வைப்பீர்கள், ஏன்? ஐந்து வரியில் எழுதித் தரட்டும். உயர்நிலை வகுப்புக்கு முன்னே சொன்ன சமனிலிக் கணக்கு இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்தவற்றை ஆண்டுவாரியாகக் காலக்கோட்டிலும் வரைபடத்திலும் குறிக்கச் சொல்லலாம்.

மாணவர்கள் எழுதித் தரும் விதிகளைப் படித்துப் பாருங்கள். வேகமாக ஓடுபவர்கள் ஒரு விதியையும், இதுவரை பார்வையாளராகவே இருந்தவர்கள் இன்னொரு விதியையும் எழுதியிருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஆண்டு விழாவுக்கான விதியை எழுதுங்கள். விழா முடிந்ததும், கோப்பை எந்தக் குழுவுக்குப் போனது என்பதோடு இன்னோர் எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்: நம் பள்ளியில் உள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த ஆண்டு குழுவுக்கு ஒரு புள்ளியாவது சேர்த்தார்கள் என்ற எண். அடுத்த ஆண்டு முறியடிக்க வேண்டிய சாதனை அதுவாக இருக்கட்டும்.